முதல் பிடில் மெட்டு எது? வில்லை வைத்துத் தேர்ந்தெடுக்க ஒரு ஒப்பீடு

கர்நாடக வயலினில் ஓரளவு கை ஓடுகிறவர்கள் அயர்லாந்து, ஸ்காட்லாந்து, அமெரிக்க பிடில் (நாட்டுப்புற இசையில் வயலினுக்கு இதுதான் பெயர்) மெட்டுகள் பக்கம் திரும்பும்போது முதலில் தேடுவது 'பிரபலமான பத்து மெட்டு' மாதிரியான பட்டியலைத்தான். அதில் 'ஐரிஷ் வாஷர்வுமன்' இருக்கும், 'சோல்ஜர்ஸ் ஜாய்' இருக்கும், 'அஷோகன் ஃபேர்வெல்' இருக்கும். முதலாவது ஜிக் (மும்மூன்று சுரமாகத் துள்ளும் நடன மெட்டு), இரண்டாவது ரீல் (நந்நான்கு சுரமாக ஓடும் வேக நடன மெட்டு), மூன்றாவது வால்ட்ஸ் (மூன்று தட்டு நடன மெட்டு). மூன்றிலும் வலது கைக்கு உள்ள வேலை வேறு வேறு. ஒன்றைப் பழகி முடித்து அடுத்ததற்குப் போனால் வில்லைக் கிட்டத்தட்ட முதலிலிருந்து பழக வேண்டியிருக்கும்.

சுரங்கள் இவற்றில் பெரிய தடை இல்லை. பெரும்பாலான மெட்டுகள் முதல் பொசிஷனிலேயே (கை விரல் பலகையில் மேலே நகராத நிலை) அடங்கிவிடும். வர்ணம் வாசிக்கிறவருக்கு இடது கை ஒரே மாலையில் பிடிபட்டுவிடும். சிக்கல் முழுக்க வில்லில். ஆகவே எது அதிகப் பேருக்குத் தெரிந்தது என்று பார்ப்பதைவிட, மூன்று கேள்விகளை வைத்துத் தேர்வு செய்வது பயன் தரும். இந்த மெட்டு எந்த மாதிரி வில் வீச்சைக் கேட்கிறது? தந்திகளை மாற்றிச் சுருதி கூட்ட வேண்டுமா? இதை யாரோடு சேர்ந்து வாசிக்கப் போகிறீர்கள்?

அமைப்பு எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒன்றே. எட்டு அளவு (மேற்கத்திய இசையின் தாளப் பிரிவு, bar) நீளமுள்ள முதல் பகுதி இரண்டு முறை, அதே நீளத்தில் இரண்டாம் பகுதி இரண்டு முறை, மொத்தம் 32 அளவு. நடனத்துக்கு ஏற்பட்ட இசை என்பதால் இந்தக் கணக்கு அநேகமாக மாறாது. அயர்லாந்துச் சபைகளில் ஒரு மெட்டை மூன்று சுற்று வாசித்துவிட்டு நிற்காமல் அடுத்ததற்குத் தாவுவார்கள். அமெரிக்கப் பழைய பாணிக் கூட்டங்களில் ஒரே மெட்டைப் பத்து, இருபது சுற்று ஓட்டுவார்கள். புதிதாகக் கற்கிறவருக்கு இந்த இரண்டாவது பழக்கம் பெரிய சலுகை: ஐந்தாவது சுற்றில் நுழைந்தாலும் யாரும் கவனிக்கப் போவதில்லை.

டி மேஜர் மெட்டுகள்: சோல்ஜர்ஸ் ஜாய், ஃபிஷர்ஸ் ஹார்ன்பைப், ஆர்கன்சா டிராவலர்

'சோல்ஜர்ஸ் ஜாய்' 18ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்தில் புழங்கிய ரீல். ராபர்ட் பர்ன்ஸ் 1785இல் எழுதிய 'ஜாலி பெகர்ஸ்' தொகுப்பில் போர்வீரன் பாடும் பாட்டை இந்த மெட்டில்தான் அமைத்தார். இங்கிலாந்து, அயர்லாந்து, ஸ்காண்டிநேவியா, அமெரிக்கா என எல்லா இடத்திலும் இதற்கு ஒரு வடிவம் உண்டு. எந்த ஊர்க் கூட்டத்திலும் யாராவது ஒருவருக்குத் தெரிந்திருக்கும் என்பதே இதைக் கற்க முதல் காரணம்.

டி-யை ஸட்ஜமாக வைத்தால் இது சுத்தமான சங்கராபரணச் சுரங்கள். முதல் அளவு பல வடிவங்களில் 'ப க ஸ க ப க ஸ க' என்று ஓடும். வாயால் பாடினால் எளிது. முழு வேகத்தில் ஒரு ரீல் நிமிடத்துக்கு ஏறக்குறைய 110 தட்டு, தட்டுக்கு நான்கு சுரம். அதாவது வினாடிக்கு ஏழு சுரத்துக்கு மேல், அவற்றில் பலவற்றுக்குத் தனித்தனி வில். கர்நாடக வாசிப்பில் ஒரு வில் வீச்சில் ஒரு சொற்கட்டையோ ஒரு முழுச் சங்கதியையோ வாசித்துப் பழகிய கை இங்கே தடுமாறும். பலரும் செய்யும் தவறு, வில்லின் அதே நீளத்தை வேகமாக இழுக்கப் பார்ப்பது. அப்படிச் செய்தால் தோள் இறுகும், ஒலி கீறும். வில்லின் நடுவிலிருந்து நுனிப் பக்கமாக வைத்துக்கொண்டு, சுரத்துக்கு நான்கைந்து சென்டிமீட்டர் மட்டும் நகர்த்த வேண்டும். மணிக்கட்டும் முன்கையும் போதும். முதல் இரண்டு வாரம் 60 தட்டைத் தாண்டவே வேண்டாம்.

அமெரிக்கப் பாணியில் இதையே வாசிப்பதாக இருந்தால் 'ஷஃபிள்' என்ற வில் முறை வரும்: ஒரு நீள வீச்சு, இரண்டு குறு வீச்சு. சொல்லிப் பார்த்தால் 'தாம்–தக, தாம்–தக'. முதல் தாம் கீழ்நோக்கிய வில் என்றால் அடுத்த தாம் மேல்நோக்கித்தான் வந்து விழும். அந்த மேல்வில் தாமுக்கும் சம அழுத்தம் கொடுக்காவிட்டால் மெட்டு ஒற்றைக் காலில் நொண்டும். வெறும் திறந்த தந்தியில் இந்த ஷஃபிளை ஐந்து நிமிடம் இடைவிடாமல் ஓட்ட முடிந்த பிறகே மெட்டைத் தொடுங்கள்.

'ஃபிஷர்ஸ் ஹார்ன்பைப்' லண்டன் கோவன்ட் கார்டன் அரங்கில் நடன அமைப்பாளராக இருந்த ஜேம்ஸ் ஃபிஷரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. காலம் 18ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி. பழைய அச்சுகளில் எஃப் மேஜரில் இருக்கும், இன்று டி-யில் வாசிப்பவர்களே அதிகம். எஃப்-இல் உள்ள தாளை எடுத்து உட்கார்ந்தால் விரல் தேவையில்லாமல் முறுகும். டி வடிவத்தையே தேடுங்கள். ஹார்ன்பைப்புக்கு ஒரு துள்ளல் உண்டு. இரட்டைச் சுரத்தில் முதலாவது நீண்டும் இரண்டாவது குறுகியும் விழும். அமெரிக்காவில் இந்தத் துள்ளலை எடுத்துவிட்டு ரீல் போலவே சமமாக ஓட்டுவார்கள். இரண்டையும் கலந்து வாசிப்பதுதான் கேட்கச் சகிக்காத விஷயம்.

'ஆர்கன்சா டிராவலர்' 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க மெட்டு. வழி கேட்கும் பயணிக்கும் குடிசை வாசலில் பிடில் வாசிக்கும் கிழவருக்கும் நடக்கும் கேலிப் பேச்சோடு மேடைகளில் பரவியது. இரண்டாம் பகுதி உயர் தந்தியில் ஏறுவதால் மூன்றில் இதுவே கொஞ்சம் கடினம். இந்த மூன்றில் ஒன்றை மட்டும் எடுப்பதென்றால் சோல்ஜர்ஸ் ஜாய்தான். மற்ற இரண்டும் பிறகு தானாக வரும்.

கமகம் பற்றி இங்கே ஒரு வார்த்தை. இந்த மெட்டுகளில் காந்தாரத்தை அசைத்தால் ரீல் அங்கேயே செத்துவிடும். நோட்டு ஸ்வரம் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சென்னைக் கோட்டையின் ஐரோப்பிய வாத்தியக் குழுவிடம் கேட்ட மெட்டுகளுக்கு முத்துசுவாமி தீட்சிதர் எழுதிய சாகித்தியங்கள் அவை. 'ஸந்ததம் பாஹிமாம்' பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டேதான். அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர்தான் வயலினைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தவர்களில் முன்னோடி. ரீலுக்கு முன் இரண்டு நோட்டு ஸ்வரங்களை வாசித்தால் கை அசைவற்ற சுரத்துக்குப் பழகிக்கொள்ளும்.

அயர்லாந்து: ஜிக்கா, ரீலா?

தேடல் இங்கேயே முடிந்துவிடும் அளவுக்கு மெட்டுகள் உண்டு. சிகாகோ காவல்துறைத் தலைவராக இருந்த ஃபிரான்சிஸ் ஓ'நீல் 1903இல் வெளியிட்ட தொகுப்பில் மட்டும் 1850 மெட்டுகள். ஆனால் அந்தத் தாளில் இருப்பது எலும்புக்கூடுதான். அயர்லாந்தின் ஸ்லைகோவில் பிறந்து நியூயார்க்கில் 1920களில் இசைத்தட்டு பதித்த மைக்கேல் கோல்மன் போன்றவர்களின் ஒலிப்பதிவைக் கேட்டால்தான் அதில் சதை சேரும்.

ஜிக்கில் 'ஸ்வாலோடெயில்' முதல் தேர்வு. ஈ-யை ஸட்ஜமாக வைத்தால் கரகரப்பிரியாவின் சுரங்கள். தொடக்கம்: 'க ஸ ஸ – ப ஸ ஸ – க ஸ ஸ – ப ம க', அடுத்து ஒரு படி கீழிறங்கி மந்திர நிஷாதத்தைப் பிடித்து 'ரி நி நி – ம நி நி'. இப்படி ஸட்ஜத்துக்கும் நிஷாதத்துக்கும் மாறி மாறிச் சாய்வதே இந்தக் குடும்ப மெட்டுகளின் மொத்த ரகசியம்.

தாளத்தில் ஒரு பொறி உண்டு. ஜிக் 6/8. ஆறு என்றதும் ரூபகமாக, இரண்டிரண்டாக மூன்று தட்டு போடத் தோன்றும். தவறு. மூன்று மூன்றாக இரண்டு தட்டு, அதாவது திஸ்ர நடை. வில்லிலும் இதே மூன்று தொல்லை கொடுக்கும். ஒரு சுரத்துக்கு ஒரு வில் என்று போனால் முதல் மூன்று கீழ்-மேல்-கீழ், அடுத்த மூன்று மேல்-கீழ்-மேல். ஒவ்வொரு இரண்டாவது தட்டும் மேல்வில்லில் தொடங்கும். இதற்கு மருந்து, மூன்றாவது சுரத்தையும் அடுத்த தட்டின் முதல் சுரத்தையும் இடையிடையே ஒரே வில்லில் கட்டுவது. தட்டு விழும் இடத்தில் வில் திசை மாறாமல் அழுத்தம் மட்டும் கூடும். ஐரிஷ் வாசிப்பின் நடை பெருமளவு இதிலிருந்து வருகிறது. எல்லா இடத்திலும் கட்டினால் வழுவழுவென்று ஆகிவிடும். அளவுக்கு ஒன்று போதும்.

ரீல்களில் பலரையும் இழுப்பது 'டிரௌசி மேகி'. கேட்க மயக்கும், ஆனால் முதல் மெட்டாக எடுக்கக் கூடாது. காரணத்தை முதல் அளவே காட்டும்: 'ஸ , ப ஸ நி ஸ ப ஸ'. மேற்கத்தியச் சுருதியில் (ஜி-டி-ஏ-ஈ) இந்த ஸட்ஜம், அதாவது ஈ, டி தந்தியில், பஞ்சமமும் நிஷாதமும் ஏ தந்தியில். ஆக ஏறக்குறைய ஒவ்வொரு சுரத்துக்கும் வில் தந்தி தாண்டுகிறது. முழங்கையைத் தூக்கித் தாண்டினால் 80 தட்டுக்கு மேல் போக முடியாது. முழங்கையை இரண்டு தந்திக்கும் நடுவான உயரத்தில் நிறுத்திவிட்டு மணிக்கட்டை மட்டும் ஆட்ட வேண்டும். இரண்டு தந்தியையும் ஒன்றாகத் தொட்டபடி நீளமாக வில் போட்டு, அந்த நிலையிலிருந்து மேலும் கீழும் துளி சாய்த்துப் பாருங்கள். தேவைப்படும் அசைவு அவ்வளவுதான். இரண்டாம் பகுதி நிஷாதத்தை ஆதாரமாகக் கொண்டு மேஜருக்கு நகரும். கிரகபேதம் தெரிந்தவர்களுக்குக் கரகரப்பிரியாவின் நிஷாதத்திலிருந்து சங்கராபரணம் பிறப்பது புதிதல்ல.

'பட்டர்ஃபிளை' ஸ்லிப் ஜிக், 9/8. டப்ளின் பிடிலர் டாமி பாட்ஸ் வழியாகப் பரவியது. ஒன்பது என்றதும் நாலு-ஐந்தாகப் பிரிக்கும் சங்கீர்ணப் பழக்கத்தை ஓரம் கட்டுங்கள். இது மும்மூன்றாக மூன்று தட்டு. ஸ்வாலோடெயிலுக்கு அடுத்ததாக எடுக்க நல்ல மெட்டு.

அலங்காரங்களில் 'கட்' என்பது மேல் சுரத்தை விரலால் மின்னலாகச் சுண்டி எடுப்பது. ஜண்டை வரிசையின் ஸ்புரிதத்தில் அடி கீழ்ச் சுரத்திலிருந்து வரும். இதில் மேலிருந்து வரும். அந்தச் சுண்டலுக்குச் சுர ஸ்தானமே காதில் விழக் கூடாது. 'ரோல்' என்பது சுரம், மேல் கட், சுரம், கீழ்த் தட்டல், சுரம் என ஐந்தும் ஒரே வில்லில். முதல் மூன்று மாதம் ரோலை விட்டுவிட்டு கட் மட்டும் போதும். 'ஐரிஷ் வாஷர்வுமன்' பற்றி ஒன்று சொல்லிவிடலாம்: கேட்டுக் கேட்டுச் சலித்தது என்பதால் சபைகளில் அதைத் தொடங்கினால் முகங்கள் சுளிக்கும்.

குறுக்குச் சுருதி: கர்நாடகக் கைக்குக் காத்திருக்கும் பகுதி

கர்நாடக வயலின் பழகியவர்கள் பட்டியல்களை நம்பித் தவறவிடுவது இதைத்தான். அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைப்பகுதிப் பிடிலர்கள் ஏ-யில் அமைந்த மெட்டுகளுக்கு ஜி-டி-ஏ-ஈ என்ற வழக்கமான சுருதியை விட்டுவிட்டு ஏ-ஈ-ஏ-ஈ என்று கூட்டுவார்கள். அப்படியே படித்துப் பாருங்கள்: ஸ-ப-ஸ-ப. ஒரு தொனி (இரண்டு அரைச்சுரம்) இறக்கினால் ஜி-டி-ஜி-டி, அதாவது ஐந்து கட்டை. மேற்கத்தியப் பயிற்சி உள்ளவருக்கு இந்தச் சுருதியில் தாளில் எழுதிய சுரமும் விரல் விழும் இடமும் ஒத்துப் போகாமல் தலை சுற்றும். கர்நாடகக் கைக்கு மாற்றமே இல்லை. மந்திரத்திலும் மத்தியத்திலும் ஒரே விரலடைவு. இந்த மெட்டுகளைப் படைத்தவர்களும் அந்த வசதியைத்தான் பயன்படுத்தியிருக்கிறார்கள். உயர் தந்திகளில் வந்த சொற்றொடர் அப்படியே கீழ்த் தந்திகளில் திரும்ப வரும்.

தொடக்கத்துக்கு 'பிரேக்கிங் அப் கிறிஸ்மஸ்'. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்துச் சரி (Surry) மாவட்டத்தில், கிறிஸ்துமஸிலிருந்து ஜனவரி 6 வரை வீடு வீடாக நடந்த நடனக் கூட்டங்களின் மெட்டு. டாமி ஜாரெல் (1901–1985) வாசித்த ஒலிப்பதிவே இதற்குப் பாடப் புத்தகம். அடுத்து 'க்ளக் ஓல்ட் ஹென்'. கைசிகி நிஷாதம் வரும். பழைய வாசிப்பாளர்கள் கையில் காந்தாரம் சாதாரணத்துக்கும் அந்தரத்துக்கும் நடுவே நிற்கும். ட்யூனர் செயலி சிவப்பு காட்டினால் கவலைப்படாமல் ஒலிப்பதிவைக் காதால் பின்பற்றுங்கள். மூன்றாவதாக 'சாலி குடின்': டெக்சஸ் பிடிலர் எக் ராபர்ட்சன் 1922இல் விக்டர் நிறுவனத்துக்காக நியூயார்க்கில் பதித்தது. ஒரு சிறு மெட்டை எடுத்துச் சுற்றுக்குச் சுற்று வேறு வேறு விதமாக விரித்துக்கொண்டே போகிறார். நிரவல் பழகிய காது இதை உடனே அடையாளம் கண்டுகொள்ளும்.

இதில் புதிதாகக் கற்க வேண்டியது பக்கத்துத் தந்தியையும் சேர்த்து இழுப்பது. நாம் ஒற்றைத் தந்தியைச் சுத்தமாக ஒலிக்க விடத்தான் பழகியிருக்கிறோம். இங்கே ஸட்ஜமோ பஞ்சமமோ பக்கத்தில் தம்புரா போல ஒலித்துக்கொண்டே இருக்க வேண்டும். அழுத்தத்தைக் கூட்டினால் மூன்றாவது தந்தியும் உரசும். அழுத்தத்தைக் குறைத்து வில்லின் சாய்வை மட்டும் மாற்றுங்கள். பழைய பாணிப் பிடிலர்கள் சிலர் இதற்காகக் குதிரையின் (தந்திகளைத் தாங்கும் மரத்துண்டு) வளைவைச் சீவித் தட்டையாக்குவார்கள். அதே வயலினில் கச்சேரியும் வாசிக்கிறவர்கள் அதைச் செய்யவே கூடாது. ஒற்றைத் தந்தி வாசிப்பு கெட்டுவிடும், சீவிய மரம் திரும்ப ஒட்டாது.

மேற்கத்தியச் சுருதியிலிருந்து மாற்றுகிறவர்களுக்கு: ஜி தந்தியை ஏ-க்கும், டி தந்தியை ஈ-க்கும் ஒரு தொனி ஏற்ற வேண்டும். இரண்டையும் ஏற்றியதும் தொடாத மற்ற இரண்டு தந்திகளும் சற்று இறங்கியிருக்கும், ஏனென்றால் மொத்த இழுவிசை கூடிவிட்டது. இரண்டு மூன்று சுற்று சரிபார்த்தால்தான் நிற்கும். பிரடையைத் (தந்தி முறுக்கும் ஆணி) திருகத் திருகக் குதிரை விரல் பலகைப் பக்கம் சாயும். பின்பக்கம் செங்குத்தாக இருக்கிறதா என்று பார்த்து இரு கையாலும் மெல்ல நிமிர்த்துங்கள். சாய்ந்தபடியே விட்டால் ஒருநாள் விழும், விழும்போது மேல்பலகையில் தழும்பு போடும். தந்தி பழசு என்றால் ஏற்றாமல் ஏ-யையும் ஈ-யையும் ஒரு தொனி இறக்கி ஜி-டி-ஜி-டி ஆக்குங்கள். தாழ்ந்த கட்டைக்கு ஏற்ற தந்திகள் போட்ட கர்நாடக வயலினை ஏ வரை ஏற்ற முயல வேண்டாம். தனியாக வாசிக்கையில் உங்கள் சுருதியே போதும். பான்ஜோக்காரரோடு உட்காரும்போது மட்டும் தனி வயலின் வைத்துக்கொள்ளலாம். அந்தக் கூட்டங்களிலும் சுருதி மாற்றும் தொல்லையால் ஒரே சுருதியில் வெகுநேரம் ஓட்டுவது வழக்கம்.

'போனபார்ட்ஸ் ரிட்ரீட்' வேறு ஒரு சுருதி: டி-டி-ஏ-டி. ஜி தந்தி டி வரை ஒரு சதுர்த்தம் (ஐந்து அரைச்சுரம்) இறங்குவதால் தளர்ந்து தொங்கும். அதன் மேல் வில் கனமாகப் பட்டால் சுருதி எகிறும். 1937இல் நாட்டுப்புற இசை சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் கென்டக்கியில் டபிள்யூ. எச். ஸ்டெப் என்பவரைப் பதிவு செய்தார். மெதுவான அணிவகுப்பு நடையில் வாசிக்கப்படும் மெட்டை அவர் பறக்கவிட்டார். அந்த வாசிப்பின் குறியீட்டைத்தான் இசையமைப்பாளர் ஆரன் கோப்லண்ட் 1942இல் தன் 'ரோடியோ' பாலேயில் எடுத்தாண்டார். ஸ்டெப்பின் வேகத்தைத் துரத்தாமல் பழைய மெதுநடையில் கற்றால் டிரோன் (பக்கத் தந்தி தம்புரா போல ஒலிக்கும்) வாசிப்புக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

மெதுவானவை

வேகம் பிடிக்காதவர்கள் அயர்லாந்தின் கண் தெரியாத ஹார்ப் கலைஞர் டர்லா ஓ'கரோலன் (1670–1738) இயற்றிய 'ஷீ பெக் ஷீ மோர்' மெட்டில் தொடங்கலாம். அவருடைய முதல் படைப்பாகச் சொல்லப்படுவது. மூன்று தட்டு நடை, டி மேஜர். ஸ்காட்லாந்தின் நீல் கௌ (1727–1807) இரண்டாவது மனைவி இறந்தபோது இயற்றிய புலம்பல் இதைவிட ஆழமானது. ஆனால் நீண்ட வில்லில் ஒலியைப் படிப்படியாகப் பெருக்கி இறக்கத் தெரிந்திருக்க வேண்டும். கர்நாடகக் கைக்கு அது ஏற்கெனவே உண்டு.

'ஹெக்டர் தி ஹீரோ'வுக்கு இலங்கைத் தொடர்பு இருக்கிறது. சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து ஜெனரலாக உயர்ந்த ஹெக்டர் மக்டோனல்ட் இலங்கையில் பிரிட்டிஷ் படைத் தளபதியாக இருந்தபோது அவர் மீது குற்றச்சாட்டுகள் எழுந்தன. 1903 மார்ச்சில் பாரிஸில் தற்கொலை செய்துகொண்டார். அவர் நினைவாக அதே ஆண்டில் ஸ்காட்லாந்துப் பிடிலர் ஸ்காட் ஸ்கின்னர் இதை இயற்றினார். ஏ மேஜர், மூன்று தட்டு. இதில் ஆபத்து சுரங்களை அசைப்பதில்தான். கீழிருந்து ஒரு சிறு வழுக்கல் அழகு. அதற்கு மேல் போனால் அழுகை நாடகமாகிவிடும்.

'அஷோகன் ஃபேர்வெல்' பழைய மெட்டு என்றே பலர் நம்புகிறார்கள். அமெரிக்கப் பிடிலர் ஜே அங்கர் 1982இல் இயற்றியது. 1990இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றிய கென் பர்ன்ஸின் ஆவணத் தொடரில் வந்ததால் அந்தக் காலத்துடையது என்ற எண்ணம் பரவிவிட்டது. வீட்டில் வாசிக்கத் தடையில்லை. பதிவு செய்து வெளியிடுவதென்றால் உரிமை கேட்க வேண்டும்.

ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்ஸ்பே வகையை முதலாண்டில் தள்ளி வையுங்கள். குறுகிய சுரம் முதலில், நீண்டது பிறகு என்று வெட்டி வெட்டி வரும் அந்த நடைக்குத் தனி வில் பாடம் வேண்டும்.

சாத்தானின் சுருதி

ஏ-ஈ-ஏ-சி ஷார்ப் என்ற சுருதியும் உண்டு: ஸ-ப-ஸ-க. கர்நாடக வயலினில் மேல் பஞ்சமத் தந்தியை ஒன்றரைத் தொனி இறக்கி அந்தர காந்தாரத்தில் நிறுத்தினால் முடிந்தது. நார்வேயில் இதற்குப் பூதச் சுருதி என்று பெயர். ஹாலிங்டால் பள்ளத்தாக்கில், கல்யாண வீட்டு நிலவறையில் பீர் பீப்பாய் மேல் உட்கார்ந்து சாத்தான் வாசித்ததாகக் கதை சொல்லும் 'ஃபானிட்டுலன்' இதில்தான் வாசிக்கப்படுகிறது. கியூபெக்கில் 'தூக்கிலிடப்பட்டவனின் ரீல்' என்ற மெட்டுக்கும் இதே சுருதி. சுருதி கலைந்த பிடிலில் வாசித்துக் காட்டினால் விடுதலை என்று ஒரு கைதிக்கு நிபந்தனை போட்டார்களாம்.

இரண்டில் கியூபெக் ரீலை எடுங்கள். ஷஃபிளும் இரட்டைத் தந்தியும் வந்துவிட்டால் அது கைக்கு எட்டும். நார்வே மெட்டுகள் அந்நாட்டின் ஹர்டாங்கர் பிடில் என்ற தனி வகை வயலினுக்கு ஏற்பட்டவை. கீழே ஓடும் நான்கைந்து அனுதாபத் தந்திகளின் (வில் படாமல் தாமாக அதிர்பவை) ரீங்காரம் சாதாரண வயலினில் வராது. அங்குள்ள டெலமார்க் ஸ்பிரிங்கார் நடனத்தில் மூன்று தட்டும் சம நீளமே இல்லை: முதலாவது நீளம், இரண்டாவது நடுத்தரம், மூன்றாவது குறுகல். மெட்ரோனோம் போட்டால் கெட்டுவிடும். ஆடுகிறவரின் காலைப் பார்த்துத்தான் வில் போட வேண்டும்.